முப்பது மடங்கு நெருக்கம்

"நான் யாரையும் சந்தேகப்படுற ஆள் இல்லம்மா" என்று இனாயத் பாய் ஆரம்பித்தார்.

சந்திரிகா தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஆபீஸ் படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பாண்டி பஜாருக்குப் பின்னால், ரவிக்கை தைக்கிற கடைக்கு மேல்மாடியில் கதிரேசன் நடத்தும் சின்னத் துப்பறியும் நிறுவனம் அது. பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, வேறு பெண் உண்டா. சந்திரிகாவுக்கு வேலை, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது. ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் நிற்பதை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை என்பதால் கதிரேசன் அவளை வேலைக்குச் சேர்த்திருந்தார்.

இனாயத் பாய்க்கு தி.நகரில் சூட்கேஸ் கடை. வீடு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம். மகள் தஹ்சீனுக்கு சைஃப் என்ற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். பையன் அடையாறில், பல் செட் செய்கிற ஒரு லேபில் வேலை செய்கிறான்.

"ஃபோன் எடுக்க மாட்டேங்கிறான்" என்றார். "பொண்ணு அடிச்சாலும் எடுக்கறதில்ல, நான் அடிச்சாலும் கட் ஆவுது. கொஞ்ச நேரத்துல மெசேஜ் மட்டும் வருது. வாயத் தொறந்து பேச முடியாத அளவுக்குப் பக்கத்துல யாரு இருக்காங்க, சொல்லுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுலயும் இல்ல, லேப்லயும் இல்ல. எங்கன்னு அவங்கம்மாவ கேட்டா, அவங்களும் சுத்தி வளைக்கிறாங்க."

"பொண்ணு பார்க்க வந்தப்போ எப்படி இருந்தாரு?" என்று கதிரேசன் கேட்டார்.

"ரெண்டு வார்த்தைதான் பேசினான். அடக்கமான பையன்னு சந்தோஷப்பட்டோம். இப்பதான் தோணுது, அது அடக்கமா, அழுத்தமான்னு."

அவர் போனதும் கதிரேசன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து சந்திரிகாவிடம் நீட்டினார். புது கேமரா. சட்டைப் பையில் அடங்கிவிடும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 120x என்று இருந்தது.

"நூத்தி இருபது மடங்கு ஜூம். இனிமே நீ கிட்டப் போகவே வேண்டாம். அடுத்த தெருவுல நின்னு எடுக்கலாம்."

சந்திரிகா எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவள் இல்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில், பொடி எழுத்தில், ஆப்டிகல் ஜூம் 30x என்று வேறொரு கணக்கு இருந்தது. இரண்டில் எது உண்மை என்று அவளுக்கு அன்று முழுவதும் உறுத்தியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். லென்ஸ் நிஜமாக நீண்டு, தூரத்தில் இருப்பதை இழுத்துக் கொடுப்பது முப்பது மடங்கு வரைக்கும்தான். அதற்கு மேல் வருவது டிஜிட்டல் ஜூம்; எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிசாக்குவது, அவ்வளவுதான். பெட்டிக்காரனும் நல்லதை முன்னால் காட்டி மற்றதைப் பின்னால் மறைக்கிற ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்து வைத்தாள்.

இன்னும் சிலதும் தெரிந்துகொண்டாள். ஜூம் முழுக்கப் போனால் லென்ஸின் துவாரம் சுருங்கி வெளிச்சம் குறைவாக உள்ளே வரும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கிற கூர்மை, ஏறும். ஏற ஏற, படம் ரவை தூவினாற்போல் சொரசொரக்கும். கை லேசாக நடுங்கினாலும் எல்லாம் கலங்கிவிடும், அதனால் எங்கேயாவது சாய்ந்துகொண்டு எடுப்பது நல்லது. பட்டனை அழுத்திப் பிடித்தால் படபடவென்று பத்துப் படம் ஒன்றாக விழும், அதில் ஏதாவது ஒன்று தெளிவாக இருக்கும். இதெல்லாம் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் சைஃப் லேபை விட்டு வெளியே வந்தான். ஒல்லியான பையன், கட்டம் போட்ட சட்டை, தோளில் பை இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் போய், ஊரூர் குப்பத்தைத் தாண்டி நிறுத்தினான். சந்திரிகா ஷேர் ஆட்டோவில் இறங்கியபோது அவன் மணலில் இறங்கி, அடையாறு கடலில் சேருகிற முகத்துவாரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தான். உடைந்த பாலம் தெரிகிற அந்தத் திறந்த வெளியில் மறைவதற்கு ஒரு புதர்கூடக் கிடையாது. அங்கங்கே சில பேர் நின்றிருந்தார்கள். பின்னால் போனால் தனியாகத் தெரிவாள்.

மணல் தொடங்கும் இடத்தில் ஒரு படகு கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு லென்ஸை முழுக்க நீட்டினாள்.

திரையில் சைஃப் எதிர்த்த வீட்டு வாசலில் நிற்பதுபோல் வந்தான். ஒரு பெண்ணும் இருந்தாள். பச்சைத் துப்பட்டா. குனிந்து செருப்பைக் கழற்றினாள், நிமிர்ந்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். சைஃபின் வலது கை உயர்ந்தது. அவள் தோளில் படிந்தது. சந்திரிகா பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

சின்னத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. இதுவும் அப்படித்தான் என்ற அலுப்பு மட்டும். இத்தனை விசாரணையில் அவளுக்குப் பழகிப்போன அலுப்பு அது.

திங்கட்கிழமை கதிரேசன் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கடலையும் வானத்தையும் வெட்டி எறிந்தார். இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். சொரசொரப்பை வழித்தார். "பெண்ணுடன் நெருக்கமாகக் காணப்பட்டார்" என்று கீழே ஒரு வரி போட்டு இனாயத் பாய்க்கு அனுப்பினார். மறுநாளே பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் போய்விட்டது: தேதியை நிறுத்தி வையுங்கள். காரணம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை, அடுத்த வேலைக்குப் போகும் முன் மெமரி கார்டைத் துடைத்து வைக்கலாம் என்று சந்திரிகா உட்கார்ந்தாள். அந்தப் படத்தின் மூலையில் அட்டைகளை அடுக்கி வைத்ததுபோல் ஒரு சின்னக் குறி இருந்தது. அது என்னவென்று அழுத்திப் பார்த்தாள். உள்ளே இன்னும் ஒன்பது படம் விரிந்தது. அழுத்திப் பிடித்து எடுத்ததையெல்லாம் கேமரா ஒரே கட்டாகக் கட்டி, முதல் படத்தை மட்டும் மேலே காட்டியிருக்கிறது. அவளும் கதிரேசனும் அந்த ஒன்றைத்தான் பார்த்திருந்தார்கள்.

ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எட்டாவது படத்தில் நின்றாள்.

ஐஸ் பெட்டி கட்டிய ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி குறுக்கே போய்க்கொண்டிருந்தது. வண்டியின் முன்சக்கரம் சைஃபின் உடம்புக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது. வண்டி ஓட்டுகிற மீனவரின் தலை அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்திருந்தது. சைஃபுக்குப் பின்னால் வண்டி. வண்டிக்குப் பின்னால் பெண். ஆனால் சைஃபின் கை அப்போதும் அவள் தோள் இருக்க வேண்டிய இடத்தில்தான், காற்றில், நீட்டிக்கொண்டிருந்தது.

படத்தைப் பெரிசாக்கி மறுபடி பார்த்தாள்.

தோளில் கை வைத்திருக்கிறவனுக்கும் தோளுக்கும் நடுவில் வண்டி போக முடியாது. அப்படியானால் அந்தப் பெண் எவ்வளவு பின்னால் நின்றாள்? வெளிச்சம் சந்திரிகாவின் முதுகுப் பக்கமிருந்து விழுந்ததால், அவர்களின் நிழல் அவர்களுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிட்டது. நிழலை வைத்தும் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் கணவன் நாகராஜ் மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் சவாரிக்காக ஆட்டோவை நிறுத்தியிருந்தான். சந்திரிகா வீதியின் மறுகோடியிலேயே நின்றுகொண்டு, ஃபோனில் அவனை ஆட்டோவை விட்டு இறங்கிச் சும்மா நிற்கச் சொன்னாள். அவனுக்கும் பின்னால் வெகுதூரத்தில் பூக்காரம்மா தன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். லென்ஸை முழுக்க நீட்டி ஒரு படம். பிறகு கிட்டே நடந்துபோய், ஜூம் இல்லாமல் இன்னொன்று.

நாகராஜ் முதல் படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அதில் அவன் பூக்காரம்மாவின் மடியை ஏறக்குறைய உரசிக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னாமே இது? அந்தம்மா எங்க கீது, நான் எங்க கீறேன். இத எவனாச்சும் பாத்தா என்னை இன்னான்னு நெனப்பான்?"

"அதான்" என்றாள் சந்திரிகா. "நான் ஒருத்தன அப்படி நெனச்சிட்டேன்."

இரவு அதன் காரணத்தையும் தேடிக் கண்டுபிடித்தாள். வெகுதூரத்தில் நின்று நீண்ட ஜூமில் எடுத்தால், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். நடுவில் இருக்கிற இடம் நசுங்கிப்போகும். பெரிய கேமராவாக இருந்தால் பின்னால் நிற்கிறவள் மங்கலாகவாவது விழுந்திருப்பாள். இந்தக் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இத்தனை சின்ன சென்சாரில் கிட்ட, தூரம் எல்லாமே ஓரளவு தெளிவாகத்தான் விழும். அந்தத் தெளிவை நல்ல அம்சம் என்று நினைத்திருந்தாள்; அதுவே அவளை ஏமாற்றியிருந்தது.

கதிரேசனிடம் எட்டாவது படத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரிப்போர்ட் போயாச்சு சந்திரிகா."

"திரும்ப ஒண்ணு அனுப்பலாம் சார். தப்புன்னு."

"தப்புன்னு சொன்னா நாளைக்கு இந்தப் படி எவன் ஏறுவான்?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, வண்டி நடுவுல போச்சு. அந்தப் பொண்ணு யாரோ. நீ சொல்றதே இருக்கட்டும். அப்ப அவன் எதுக்கு வாராவாரம் அங்க போறான்? ஃபோனை ஏன் எடுக்க மாட்டேங்கிறான்? அதுக்குப் பதில் இருக்கா உங்கிட்ட?"

இல்லை. அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. படம் பொய் என்பதற்காக ஆள் சுத்தம் என்று ஆகிவிடாது.

அந்தச் சனிக்கிழமை யாரும் சொல்லாமலேயே போனாள். கேமரா கைப்பைக்குள் கிடந்தது, வெளியே எடுக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சங்கு பொறுக்குகிறவள்போல் குனிந்து குனிந்து, தண்ணீர் ஓரமாகவே நடந்தாள். சைஃப் போன வாரம் நின்ற இடத்திலேயே கடலைப் பார்த்து நின்றிருந்தான். சுற்றி ஒருவரும் இல்லை. காதில் ஃபோன் இல்லை. ஆனால் உதடு அசைந்தது. வலது கை உயர்ந்து உயர்ந்து, காற்றில் தாளம் போடுவதுபோல் இறங்கியது.

இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். அலை பின்வாங்கிய ஒரு கணத்தில் குரல் கேட்டது.

"க... க..."

கை இறங்கியது. தொண்டை நரம்பு புடைத்தது.

"க... கபூல்."

மூச்சு விட்டான். திரும்பவும் கையை உயர்த்தினான். "க... க... க..."

சந்திரிகாவின் அக்கம்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. நிக்காஹ் விருந்துகளுக்குப் போயிருக்கிறாள். காஜி கேட்கும்போது, சபை முழுக்க காதைத் தீட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை சொல்லவேண்டிய சம்மதச் சொல் அது. அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அவன் திரும்பினான்.

"ந... நீங்க போன வாரமும் வந்தீங்க" என்றான். "ப... படகுகிட்ட நின்னீங்க. யாரு நீங்க?"

பொய் ஒன்று தயாராகவே இருந்தது. எப்போதும் ஒன்று தயாராக வைத்திருப்பாள். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. யார் அனுப்பினார்கள், எதற்காக, என்ன படம் போனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கேமராவை எடுத்து முதல் படத்தைக் காட்டினாள். பிறகு எட்டாவதைக் காட்டினாள்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இ... இதனாலயா நிறுத்தினாங்க? அ... அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

"எந்த விஷயம்?"

தன் வாயைத் தொட்டுக் காட்டினான்.

மெல்ல, நின்று நின்று, சொன்னான். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். க, ப, த மூன்றும் மோசம். நேரில், தெரிந்தவர்களிடம், ஓரளவு வரும். ஃபோனில் வரவே வராது. எதிர்ப்பக்கம் 'ஹலோ, ஹலோ' என்று கேட்கக் கேட்க தொண்டை இன்னும் இறுகும். கையில் தாளம் போட்டுக்கொண்டு பேசினால் சொல் வரும் என்று எப்போதோ ஒரு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது. அதைச் சத்தமாகச் செய்து பார்க்க வீட்டில் இடமில்லை, லேபில் முடியாது. நிக்காஹ் முடிகிறவரைக்கும் கம்மியாகப் பேசு, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அம்மா ஜமீலுன்னிசா சொல்லி வைத்திருந்தார்.

"அது ஏமாத்துறதுதானே?" என்று சந்திரிகா கேட்டாள். கேட்டபிறகு, கொஞ்சம் கடுமையாகிவிட்டதோ என்று தோன்றியது.

"ஆமா" என்றான்.

அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

"நாளைக்கு நான் இனாயத் பாய் கடைக்குப் போறேன்" என்றாள். "படம் தப்புன்னு சொல்லுவேன். நீங்க இங்க எதுக்கு வர்றீங்கன்னு கேப்பாங்க. அதை நான் சொல்ல மாட்டேன். உங்களைத்தான் கேக்கச் சொல்லுவேன். ஃபோன் எடுப்பீங்களா?"

அவன் சட்டைப் பையிலிருந்த ஃபோனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சூட்கேஸ் கடையில் கூட்டம் நெரிந்தது. இனாயத் பாய் அவளைக் கடையின் பின்னாலிருந்த ஒடுக்கமான அறைக்கு அழைத்துப் போனார். காலிப் பெட்டிகளுக்கு நடுவில் தஹ்சீன் உட்கார்ந்து ஆன்லைன் ஆர்டர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவள் எழுந்து போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை.

சந்திரிகா கேமராவை நீட்டி விளக்கினாள். ஜூம், தூரம், நசுங்குகிற இடம், நடுவில் போகிற வண்டி. மயிலாப்பூரில் எடுத்த நாகராஜின் இரண்டு படங்களையும் காட்டினாள். இனாயத் பாய் படங்களைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"உங்க முதலாளிக்குத் தெரியுமா, நீங்க வந்தது?"

"தெரியாது பாய்."

"ஓ." அவர் சிரித்தார், கண்ணில் சிரிப்பு இல்லை. "முதல்ல ஒரு படம் குடுக்கறீங்க. அப்புறம் முதலாளிக்குத் தெரியாம வந்து, அது பொய்ன்னு சொல்றீங்க. நடுவுல அவங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் உங்களைப் பார்த்தாங்களா? சரிக்கட்டினாங்களா?"

அவள் அதற்கு என்ன சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

"ஒருத்தரும் சரிக்கட்டல பாய். சைஃபை நேத்து நேர்ல பார்த்தேன். அவ்வளவுதான்."

"பார்த்தியா" என்று அவர் மகளிடம் திரும்பினார், ஏதோ நிரூபணமாகிவிட்டதுபோல்.

தஹ்சீன் ஸ்டிக்கர் சுருளைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை வாங்கிக்கொண்டாள். பட்டனைத் தானே கண்டுபிடித்து பத்துப் படத்தையும் முன்னும் பின்னுமாகத் தள்ளினாள். எட்டாவதைப் பெரிசாக்கினாள். அந்தப் பெண்ணின் முகம் ஒன்பதாவதில் மறுபடி தெரிந்தது. அவள் சிரித்தது காதில் வைத்திருந்த ஃபோனில் யாரிடமோ பேசி. தஹ்சீன் நீண்ட மூச்சு விட்டாள். ஆனால் முகம் தெளியவில்லை.

"அப்போ அவர் ஏன் அங்க நிக்கிறார்? கை ஏன் அப்படி இருக்கு?"

"அவரைக் கேளும்மா."

"அவர் ஃபோன் எடுக்க மாட்டாரே."

"ஒரு தடவை அடிச்சுப் பாரு."

தஹ்சீன் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மணி அடித்தது, அடித்தது, நின்றுவிடும்போல் இருந்தது. கடைசி மணியில் எடுக்கப்பட்டது.

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை.

"ஹலோ" என்றாள் தஹ்சீன். "சைஃப்?"

மூச்சு மட்டும் கேட்டது. மெலிதாக ஒரு தட்டல் சத்தம், விரலால் மேஜையைத் தட்டுவதுபோல்.

"பார்த்தியா" என்று இனாயத் பாய் தணிந்த குரலில் சொன்னார். "பக்கத்துல ஆள் இருக்கு. பேச முடியல. தட்டி சைகை காட்டுறான்."

தஹ்சீன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். இன்னொரு முறை ஹலோ சொல்லவில்லை. ஃபோனைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு காத்திருந்தாள். வெளியே யாரோ டிராலிப் பெட்டியை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. சந்திரிகா தன் சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பதிலாகச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

"த... த... த..."

தட்டல் வேகமானது. நின்றது. மெதுவாக மறுபடி ஆரம்பித்தது.

"த... தஹ்சீன். எ... எனக்குத் தி... திக்கும். ஃபோன்ல ரொம்ப. அ... அதை உங்ககிட்ட ம... மறைச்சிட்டேன். க... கடல்கிட்ட போய்ப் ப... பேசிப் பழகுறேன். நி... நிக்காஹ்ல சொல்றதுக்கு."

அவ்வளவு சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. இனாயத் பாய் ஒரு சூட்கேஸின் பூட்டைத் திறந்து மூடினார். அவர் முகத்தில் வெட்கமா ஏமாற்றமா என்று சந்திரிகாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் தஹ்சீன். குரல் உடைந்தது. "நீங்க ஃபோன் எடுக்காத ஒவ்வொரு தடவையும் நான் என்னென்ன நெனச்சேன்னு தெரியுமா?"

"ம்."

"வச்சிடட்டுமா?"

"வ... வேணாம்."

அவள் ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, பெட்டிகளுக்கு அந்தப் பக்கமாகப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சந்திரிகா கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனாயத் பாய் போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. எங்கள் பிள்ளை பின்னால் ஆள் வைத்துப் படம் எடுத்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று ஜமீலுன்னிசா உறுதியாக நின்றார். திக்குவாயை மறைத்த வீடு என்று பெண் வீட்டு உறவினர்கள் பேசினார்கள். சைஃபும் தஹ்சீனும் பின்வாங்கவில்லை. கடைசியில் ரமலானுக்குப் பிறகு ஒருநாள் இனாயத் பாயே ராயப்பேட்டையில் சைஃபின் வீட்டுக்குப் போய், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்.

சந்திரிகாவுக்கு இதெல்லாம் துண்டுதுண்டாகத்தான் காதில் விழுந்தது. இனாயத் பாய் அதற்குள் கதிரேசனிடம் வந்து, உங்கள் ஆள் மாப்பிள்ளை வீட்டோடு சேர்ந்துகொண்டாள் என்று புகார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதிரேசன் நம்பினாரா என்று தெரியவில்லை. கேமராவை மட்டும் திரும்ப வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கொஞ்ச நாள் அவளை ஆபீஸ் ஃபோனுக்கு உட்கார வைத்தார். ஃபோனில் வருகிற ஒவ்வொருவரும் "நான் யாரையும்" என்று ஆரம்பிக்கும்போது அவளுக்கு முன்புபோல் அலுப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு பகலில் தஹ்சீன் தனியாக மாடியேறி வந்தாள். கையில் மருதாணி மங்கிக்கொண்டிருந்தது. கதிரேசன் வெளியே போயிருந்தார்.

"நிக்காஹ் முடிஞ்சுதாம்மா?"

"ம். போன மாசம்." நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அவர் சொல்லக் கொஞ்ச நேரம் ஆச்சு. காஜி அவசரப்படுத்தல. பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திட்டாங்க."

"சந்தோஷம்."

"அக்கா, நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்." குரல் மாறியது. "அந்தப் படங்க இன்னும் இங்க இருக்கா?"

"இல்லம்மா. அழிச்சாச்சு."

தஹ்சீன் தலையை ஆட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. சந்திரிகா அவள் கண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் நன்றாக அறிவாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பேரிடம் பார்த்தது.

"நிஜமாவா?"

கோபித்துக்கொள்ளலாம் என்று சந்திரிகாவுக்குத் தோன்றியது. பிறகு, அந்தப் பெண் கேட்பது நியாயம்தான் என்றும் தோன்றியது. கதிரேசன் சாவியை விட்டுப்போகும் இடம் அவளுக்குத் தெரியும். மேஜை இழுப்பறையைத் திறந்து கேமராவை எடுத்தாள். மெமரி கார்டில் யாரோ ஒரு ரியல் எஸ்டேட்காரரின் வீட்டு வாசல் படங்கள் மட்டும் இருந்தன. கம்ப்யூட்டரைப் போட்டு சைஃபின் பெயரில் இருந்த ஃபோல்டரைத் தேடினாள்.

இருந்தது. அதற்குள், கதிரேசன் வெட்டி ஒட்டிய அந்தப் படம்.

சந்திரிகா ஃபோல்டரை அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் திறந்து அதிலிருந்தும் அழித்தாள். தஹ்சீன் திரைக்குக் கிட்டே வந்து நின்று, கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ சாப்பிடுறியாம்மா?"

"வேணாம்க்கா. அவர் கீழ நிக்கிறார்."

சந்திரிகா ஜன்னலண்டை போனாள். ரவிக்கைக் கடை வாசலில், பைக்கில் காலூன்றி, சைஃப் யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு கை ஹேண்டில்பாரில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.